காலு விரலைப் பாத்தீகளா

என் அம்மாவைக் கொன்றது ஒரு நர்ஸின் தைரியம். கோர்ட்டில் இப்படிச் சொன்னால் எடுபடாது. கோர்ட்டால் எனக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

அம்மா பர்மாக்காரி. அப்பா கீழச்சிவல்பட்டிப் பக்கத்துத் தச்சர். மர மில் வேலைக்குக் கப்பலேறிப் போனவர், அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே செத்தார். அறுபதுகளின் நடுவில் நம் ஆட்களை அங்கிருந்து கிளப்பிவிட்டபோது அம்மாவும் நானும் மெட்ராஸில் வந்து இறங்கினோம். பள்ளிக்கூடத்தை அதற்கு முன்பே நான் விட்டிருந்தேன். முகாமில் கொஞ்ச காலம், பிறகு அப்பாவின் ஊர். அப்பாவின் சொந்தக்காரர்கள் எங்களுக்குப் பட்டறைக் கொட்டகையை ஒதுக்கினார்கள். அம்மா தனக்கா மரப்பட்டையைக் கல்லில் அரைத்துக் கன்னத்தில் பூசிக்கொள்வதைத் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. ஒரு மழைக்காலம் பார்த்துச் சலித்த பிறகு கொட்டகையைத் திருப்பிக் கேட்டார்கள். காரைக்குடிக்கு வந்து ஓர் அறை பிடித்தோம். அம்மா சுருட்டு சுற்றினாள். நான் லாரியில் கிளீனரானேன். எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. அந்த வேலை தோதாக இருந்தது.

அந்த ஊரில் பெரிய வீடென்றால் பர்மாத் தேக்குத் தூண் இருக்கும். எண்ணெய் போட்டு, துணியால் துடைத்து, வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவார்கள். அதே பர்மாவிலிருந்து வந்த என் அம்மா தெருவில் போனால் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். நாங்கள் குழம்பில் சேர்க்கும் மீன் விழுது நாறும் என்பது உண்மைதான். தூணுக்குக் கிடைத்த மரியாதையில் பாதியாவது அவளுக்குக் கிடைத்திருக்கலாம்.

பர்மாவில் ஆநா என்று ஒரு பழக்கம் உண்டு. அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கக் கூசுவது. போன வீட்டில் பசித்தாலும் சாப்பிட்டாயிற்று என்பார்கள். வலித்தாலும் இல்லை என்பார்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நல்ல வளர்ப்பு என்றால் அங்கே அதுதான். அம்மா மிக நன்றாக வளர்க்கப்பட்டவள்.

அவளுக்கு வயிற்று வலி வந்தபோது ஊரிலிருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். டாக்டர் அமுக்கிப் பார்த்தார். குடல்வாலாக இருக்கலாம், வலி கூடுகிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், கூடினால் உடனே ஆள் அனுப்பு என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த நர்ஸ் திருப்பத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், விவசாயக் குடும்பத்துப் பெண். அவள் செருப்புச் சத்தம் கேட்டால் வார்டில் பேச்சு நின்றுவிடும். வந்ததும் ஈரத்துணியால் அம்மாவின் கன்னத்திலிருந்த தனக்காவை அழுத்தித் துடைத்தாள். அம்மா அதற்கும் சிரித்தாள்.

எனக்குத் தூத்துக்குடியில் உப்பு லோடு ஏற்ற வேண்டும். போகாவிட்டால் வேலை போய்விடும். கிளம்பும்போது நர்ஸிடம் சொன்னேன்.

“சிஸ்டர், எங்கம்மாகிட்ட வலிக்குதான்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்லும். அவுக ஊருப் பழக்கம் அது. வாய்ப்பேச்சை நம்பாதீக.”

அவள் ஊசியைக் கொதிநீரிலிருந்து எடுத்தபடியே பேசினாள். “தம்பி, இந்தக் கட்டில்ல எல்லாச் சனமும் படுத்து எந்திரிச்சிருக்கு. சீமைக்காரி கூடப் படுத்திருக்கா. எந்த ஊருன்னாலும் வலி ஒண்ணுதேன். எனக்குத் தெரியாதா? நீங்க போயிட்டு வாங்க.”

போயிட்டு வந்தேன். கட்டிலில் வேறு ஒருத்தி படுத்திருந்தாள்.

பக்கத்துக் கட்டில்காரி, நெல் அறுக்கிற கூலிக்காரம்மா, அவள்தான் நடந்ததைச் சொன்னாள். நர்ஸ் வரும்போதெல்லாம் வலிக்குதா என்று கேட்டிருக்கிறாள். அம்மா சிரித்து, இல்லை என்று தலையாட்டியிருக்கிறாள். டாக்டர் வந்து கேட்டபோது வலி அடங்கிவிட்டது என்று நர்ஸ் அடித்துச் சொல்லியிருக்கிறாள். அவரும் போய்விட்டார். உள்ளே குடல்வால் வெடித்துவிட்டது.

“மூஞ்சில ஒண்ணும் தெரியலப்பா,” என்றாள் அந்த அம்மா. “காலு விரலு மட்டும் சுருண்டு சுருண்டு போச்சு. நாங்கூட குளுருதாக்கும்னு போர்வையை இழுத்துவிட்டேன்.”

அந்த நர்ஸிடம் கத்தியோடு போயிருக்கலாம். அது ஒரு நாளில் முடிந்துவிடும். எனக்கு அவள் நீண்ட காலம் இருக்க வேண்டியிருந்தது.

லாரி ஊர் திரும்பும்போதெல்லாம் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவேன். பஸ்ஸிலிருந்து இறங்கி அவள் குடையோடு வருவாள். நான் சத்தம் போடமாட்டேன், வழியை மறிக்கமாட்டேன். அவள் என்னைக் கடக்கும்போது கேட்பேன்.

“காலு விரலைப் பாத்தீகளா, சிஸ்டர்?”

முதல் தடவை முறைத்தாள். பிறகு வாட்ச்மேனை விட்டு விரட்டினாள். அவன் சுருட்டுப் பிரியன். அம்மா சுற்றி வைத்திருந்ததில் ஒரு கட்டு கொடுத்தேன், அப்புறம் அவன் என்னைக் காணாதவன் மாதிரி இருந்தான். வருஷங்கள் போயின. அவள் பின் கேட் வழியாக வரத் தொடங்கினாள். நானும் பின் கேட்டுக்கு மாறினேன். பதில் ஒருநாளும் சொன்னதில்லை.

அவளுடைய கை தடுமாற ஆரம்பித்துவிட்டது என்று வாட்ச்மேன் சொன்ன அன்றைக்கு நான் இரண்டு சாப்பாடு சாப்பிட்டேன். ஊசி ஒரே குத்தில் ஏறுவதில்லையாம். வெளியூர் ஆள் வந்து படுத்தால் கட்டிலையே சுற்றிச் சுற்றி வருகிறாளாம். சின்ன விஷயத்துக்கும் டாக்டருக்கு ஆள் அனுப்பி வசவு வாங்குகிறாளாம். நோயாளிகள் வேறு நர்ஸைக் கேட்கிறார்களாம். இன்னும் கொஞ்சம் நின்றால் வேலையை விட்டு ஓடிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

எழுபதுகளில் பெரிய வீடுகளைப் பிரித்து விற்கத் தொடங்கினார்கள். கானாடுகாத்தானில் ஒரு வீட்டுத் தூண்களை லாரியில் ஏற்றும்போது கயிறு நழுவி, ஒரு தூண் உருண்டு என் வயிற்றில் வந்து மோதியது. பர்மாத் தேக்கு. கூட இருந்தவர்கள் என்னைத் தூக்கிக்கொண்டு போனது அதே ஆஸ்பத்திரிக்கு.

டாக்டர் பார்த்தார். வெளியே காயமில்லை, சிராய்ப்புதான், சாயங்காலம் வரை படுத்திருக்கட்டும் என்று வீட்டுக்குச் சாப்பிடப் போனார். ஆண்கள் வார்டில் அன்றைக்கு அவள்தான் நர்ஸ். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்து கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றுவிட்டாள்.

“வலிக்குதா தம்பி?”

உள்ளே யாரோ கரும்பு பிழிவது போல் இருந்தது. நான் சாகப்போகிறேன் என்று தெரிந்தது. இவள் கையில், இவள் வார்டில், இவள் கேட்டு நான் பதில் சொன்ன பிறகு செத்தால் இவளுக்கு அது இரண்டாவது சாவு. அதற்கு மேல் இவள் வெள்ளைச் சேலையைத் தொடமாட்டாள். அந்த நினைப்பு எனக்கு மருந்து மாதிரி இருந்தது. அம்மா சிரித்த மாதிரியே சிரித்தேன்.

“இல்ல சிஸ்டர். ஒண்ணுமில்ல.”

இரண்டாம் முறை அவள் கேட்கவில்லை. குனிந்து என் காலில் கிடந்த போர்வையை விலக்கினாள். என்ன செய்யப் போகிறாள் என்று புரிந்ததும் விரல்களை விரித்து நிறுத்தி வைக்கப் பார்த்தேன். பல்லைக் கடித்தேன். என் நாக்கும் முகமும் நான் சொன்னதைக் கேட்டன. விரல்கள் கேட்கவில்லை, அவளுக்கு முன்னாலேயே சுருண்டன.

அவள் முகம் வெளுத்தது. ஆனால் குரல் பழைய குரல். டாக்டரைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பிக் கூட்டிவரச் சொல்லி ஆள் விட்டாள். டாக்டர் எரிந்து விழுந்துகொண்டே வந்தார். “இந்தாளு வலிக்கலைன்னு சொல்றான், உனக்கென்னம்மா?” என்றார். “சொல்லுவாக. நான் நம்பமாட்டேன். மதுரைக்கு வண்டியைச் சொல்லுங்க,” என்றாள். ஊசி ஒரே குத்தில் ஏறியது. மதுரையில் வயிற்றைக் கிழித்து உள்ளே தேங்கியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள்.

தையல் ஆறியதும் வாசலுக்குப் போனேன். நன்றி சொல்ல இல்லை. வழக்கமான கேள்வியைக் கேட்கத்தான். அவள் அன்று முன் கேட் வழியாகவே வந்து, நான் வாய் திறக்கும் முன் நேராக என் முன்னால் நின்றாள்.

“பாக்கலை தம்பி,” என்றாள். “அன்னைக்கு நான் பாக்கலை. அதுக்கப்புறம் ஒருத்தர் காலையும் பாக்காம விட்டதில்ல.”

இத்தனை வருஷமாக எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான். கிடைத்தபோது வாயில் ருசியே இல்லை. அவளை உடைக்க நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை எடுத்து அவள் தொழிலாக்கிக்கொண்டுவிட்டாள். எத்தனை பேர் அதனால் பிழைத்திருப்பார்களோ. என் அம்மா அதில் இல்லை.

“உங்கம்மா பேரு என்ன தம்பி? நாங்க பர்மாக்காரின்னே கூப்பிட்டுப்புட்டோம்.”

அவள் அதை நிஜமாகவே கேட்டாள். பேர் தெரிந்தால் கோயிலிலோ எங்கேயோ சொல்லி விளக்கேற்றுவாள், கொஞ்சம் மனசு ஆறும். கொடுக்க என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது.

“சொல்லமாட்டேன் சிஸ்டர்,” என்றேன்.

அடுத்த வாரம் லாரியை மாற்றி வடக்கே போய்விட்டேன். அந்த வாசலுக்குப் பிறகு போகவில்லை. பேரை இங்கேயும் நான் எழுதவில்லை.