பின்னால் நின்றவர்கள்

றக்வான ஊருக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணை உடனே அடையாளம் கண்டேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் ஒழுகும் கூரையைப் பற்றித் தேயிலைத் தோட்டத்துத் துரையிடம் கேள்வி கேட்ட வீடியோவில் முன்னால் நின்றவர். நானும் அதைப் பகிர்ந்ததாகப் பெருமையோடு சொன்னேன்.

"நீங்களுமாங்கய்யா?" என்றார்.

கொழுந்துக் கறை ஏறிய இரண்டு விரல்களால் தம் கைப்பேசியில் அந்த வீடியோவை விரித்து, தமக்குப் பின்னால் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். வளைவுக்கு வளைவு மழை சாய்ந்தது. அவர் விரல்கள் ஓயவில்லை.

"கூரைக்குப் புதுத் தகரம் வந்திச்சா?" என்று கேட்டேன்.

"வந்திச்சுங்க. நாடே பேசுச்சே, வராம இருக்குமா? நாங்க எப்பவும் கூட்டமாத்தான் போய்க் கேப்போம். கூட்டத்துல ஒரு ஆளத் தனியாப் புடிக்க முடியாது. இப்ப இந்த வீடியோவ நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்து, ஒவ்வொருத்தரா தோட்டத்து ஆபிசுக்குக் கூப்புடுறாங்க. நாலு பேருக்கு வேல இல்ல."

"உங்களை?"

"என்னத் தொட மாட்டாங்க. என்னத்தான் ஒலகத்துக்கே தெரியுமே."

சிரித்தாரா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

அவர் இறங்கியதும் என் பகிர்வை அழிக்கப் போனேன். அதிலிருந்து பலர் எடுத்துப் பகிர்ந்துவிட்டிருந்தார்கள். என் பகிர்வின் கீழே முன்பின் அறியாத ஒருவர், பின்னால் நிற்பவர்கள் தெளிவாகத் தெரியும் படம் இருந்தால் அனுப்பும்படி கேட்டிருந்தார். எதற்கென்று சொல்லவில்லை.