வீட்டுக்காகச் சொன்ன பதில்

மகள் ரொறன்ரோவுக்குப் படிக்கப் போன இரண்டாம் வருடம், ஓர் ஆய்வு நிறுவனத்தில் பகுதிநேர வேலை எடுத்தாள். கனடாவில் கஞ்சா சட்டபூர்வமான பிறகு, சனங்கள் அதை எவ்வளவு பாவிக்கிறார்கள், அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று வருடாவருடம் தொலைபேசியில் கேட்கும் வேலை. தமிழ் வீடுகளுக்குத் தமிழில் பேச ஆள் தேவைப்பட்டது. ஒஸ்லோவில் பிறந்து, வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு அழுதழுது போனவளுக்கு அந்தத் தமிழே வேலை வாங்கித் தந்ததில் என் கணவருக்குச் சரியான பெருமை.

எனக்கும் பெருமைதான். ஆனால் கஞ்சா என்ற சொல்லை அவள் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது பிடிக்கவில்லை. நான் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். நோர்வேயில் கஞ்சா இன்னும் சட்டவிரோதம். பெற்றோருக்கு அதைப் பற்றி மாலைக் கூட்டம் வைப்போம். நான் முன்னால் ஓரமாக இருந்து, எந்தத் தாய்க்காக இரக்கப்படலாம் என்று முகங்களைப் பார்ப்பேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவள் தொலைபேசி எடுத்தாள். அங்கே காலை. கணவர் வெளியே போயிருந்தார். நான் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவருடைய சட்டைகளுக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நாளைக்குத்தான் வேலையிலை முதல் போன் கோல். உங்களோடை ஒருக்காப் பழகிப் பாக்கட்டோ? நீங்கள் இப்ப அம்மா இல்லை. இஞ்சை ரொறன்ரோவிலை, ஸ்காபரோவிலை இருக்கிற ஒரு தமிழ் ஆள்."

"ஸ்காபரோ ஆள் எண்டால் இவ்வளவு நேரம் கதைக்குமோ? எப்பவோ போனை வைச்சிருக்கும்."

அவள் சிரித்தாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, எழுத்துத் தமிழில் வாசித்தாள். "கடந்த பன்னிரண்டு மாதங்களில் நீங்கள் கஞ்சா பாவித்தீர்களா?"

"எங்கடை வீட்டிலை அப்பிடி ஒருத்தரும் இல்லை."

"பாத்தீங்களே! பயிற்சியிலையே சொன்னவை, தமிழ் அம்மாமார் முழு வீட்டுக்கும் சேத்துத்தான் பதில் சொல்லுவினம், விடாதேங்கோ எண்டு. கேள்வி உங்களைப் பற்றி மட்டும்தான்."

அது உண்மைதான். டொக்டரிடம் போனாலும், அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும், யார் எதைக் கேட்டாலும் நாங்கள் வீட்டுக்காகத்தான் பதில் சொல்வோம். அது எங்கள் வேலை என்று நினைத்திருக்கிறோம்.

"நான் இல்லை," என்றேன். "அப்பா இல்லை. நீயும் இல்லை. மூண்டையும் பதி."

"அப்பாவைப் பற்றி அப்பாதான் சொல்லோணும். என்னைப் பற்றி நான்தான் சொல்லோணும்."

"சரி, அப்ப நீயே சொல்லன்," என்று அவள் வாசித்த கேள்வியை அவளைப் போலவே இழுத்துக் கேட்டேன். பகிடிக்குத்தான்.

"ஓம்," என்றாள்.

"என்ன ஓம்?"

"பாவிச்சனான். சில சனிக்கிழமையளிலை, கூட்டாளியளோடை. இஞ்சை கடையிலை விக்கினம், அம்மா. வைன் வாங்கிற மாதிரி."

நான் அயன் செய்துகொண்டிருந்த சட்டைக் கையை முடித்தேன். பிறகு அதே கையைத் திரும்பவும் அயன் செய்தேன். யன்னலுக்கு வெளியே, எங்கள் பியோர்ண்டால் குடியிருப்பின் சிறிய சரிவில், அயல் வீட்டுப் பிள்ளைகள் பனியில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"அடுத்ததைக் கேள்," என்றேன்.

"காணும், விடுங்கோ அம்மா."

"கேள்."

அவள் வாசித்தாள். ஒருவர் இடைக்கிடை கஞ்சா பாவிப்பதை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா? முழுமையாக, ஓரளவு, பெரிதாக இல்லை, அறவே இல்லை.

"அறவே இல்லை."

"நன்றி," என்றாள். யார் என்ன பதில் சொன்னாலும் கேட்பவர் கருத்துச் சொல்லக் கூடாது என்பது அவர்களுடைய விதி. அவள் அதைச் சரியாகவே கடைப்பிடித்தாள். அதைவிட என்னோடு சண்டை பிடித்திருக்கலாம்.

கணவர் வந்ததும் சாப்பாடு போட்டேன். அவருக்குச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. முன்பெல்லாம் பத்திரிகையில் இப்படிப்பட்ட ஆய்வு முடிவுகள் வந்தால் விழுக்காடுகளைக் கூட்டிச் சரிபார்ப்பேன், தொழில் பழக்கம். இப்போது அட்டவணையில் 'இளம் பெண்கள் – இடைக்கிடை' என்ற கட்டத்தைத் தேடுகிறேன். அதற்குள் எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகள் இருப்பார்கள். எனக்கு ஒருத்திதான் தெரிகிறாள்.

அதன்பிறகும் அவள் ஒவ்வொரு ஞாயிறும் எடுத்தாள். குளிரா, சாப்பிட்டாயா, சோதனை எப்படி. நான் கேட்பேன், அவள் சொல்வாள். கூட்டாளிகளைப் பற்றி அவள் கதைப்பதில்லை. சனிக்கிழமைகளைப் பற்றி நான் கேட்பதில்லை. தூரத்து உறவினர் இருவர் மாதிரி மரியாதையாக இருந்தோம்.

அடுத்த மார்கழி தொடங்கிய நேரம், வேலை முடிந்து வரும் வழியில் ஹவுகெட்டோ ஸ்டேஷனில் பஸ்ஸுக்கு நின்றேன். அவள் எடுத்தாள். ஞாயிறு இல்லாததால், என்னவோ ஏதோ என்று உடனே காதில் வைத்தேன்.

"அம்மா, கிறிஸ்மஸ் லீவுக்கு டிக்கெட் பாத்தனான். நான் வரட்டோ?"

வாசற்கதவுத் திறப்பு ஒன்று அவளிடம் இருக்கிறது. அவளுடைய கட்டில் அப்படியே கிடக்கிறது. வீட்டுக்கு வர அவள் எப்போதும் கேட்டதில்லை; வருகிறேன் என்றுதான் சொல்வாள்.

"ஏன் கேக்கிறாய்?"

"சும்மா. கேக்கோணும் போலை இருந்தது."

பஸ் வந்து கதவைத் திறந்தது. நான் ஏறவில்லை.

"வா," என்றேன். "எந்த நாள் எண்டு சொல்லு. அப்பா எயார்போட்டுக்கு வருவார்."

"நீங்கள்?"

"நானும் வருவன்."

"சரி," என்றாள். இருவரும் தொலைபேசியை வைக்கவில்லை. அடுத்த பஸ் வரும்வரை அவள் விமானம் இருக்கிற நாட்களை ஒவ்வொன்றாக வாசித்தாள், நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.