அண்ணியின் அடுக்கில் போட்ட பக்கங்கள்

என் அண்ணியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. அவள் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டவளே நான்தான். ஆனால் எங்கள் சலவைக்கூடத்தில் மற்றவர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. நானாவது சொல்லித் தொலைக்கிறேன்.

பெரிய மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில் இருக்கிறது எங்கள் கூடம். மேலே ஏழு மாடியிலும் நோயாளிகள் படுத்தெழுந்த விரிப்புகள் ஒரு பெரிய குழாய் வழியாகக் கீழே வந்து விழும். துவைப்பதும் உலர்த்துவதும் இயந்திரம். மடிப்பது நாங்கள், பதினாறு பெண்கள். விரிப்பு பெரியது, தனி ஆளால் மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று நுனியைப் பிடித்து ஓர் உதறு உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். ஒன்பது வருடமாக அண்ணிக்கு எதிர்முனை நான். என் அண்ணன் தன் மனைவியின் முகத்தைப் பார்த்ததைவிட நான் பார்த்தது அதிகம்.

மடித்ததைச் சரிபாதியாகப் பிரித்து ஆளுக்கோர் அடுக்கு வைப்போம். அடுக்கில் எத்தனை விரிப்போ அத்தனைக்குத்தான் கூலி. இதில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யாராவது பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாலோ, காய்ச்சலோடு வந்தாலோ, போகிற போக்கில் ஆளுக்கு நாலு விரிப்பை அவள் அடுக்கில் போட்டுவிட்டுப் போவோம். அதைப் பற்றிப் பேச மாட்டோம். நன்றி சொன்னால் திட்டுவோம். சூப்பர்வைசருக்கும் தெரியும், மொத்தம் சரியாக வந்தால் அவருக்கென்ன. எங்களுக்குத் தெரிந்த நல்ல காரியம் அது ஒன்றுதான். அதை எல்லா இடத்திலும் செய்யலாம் என்று நினைத்துவிட்டோம்.

அண்ணி எழுதுவாள். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் வட்டமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசும்போது, அவள் மட்டும் பாய்லர் பக்கத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, போனில் கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருப்பாள். அப்படியே பதினோரு நாவல். எல்லா நாவலிலும் ஒரு பெண் எங்கேயாவது கிளம்பிப் போவாள். பதிப்பகத்துக்காரர்கள் யாரும் பதில்கூடப் போடாததால் தானே மின்நூலாக வெளியிட்டாள். அட்டைப்படமெல்லாம் நான் தேர்ந்தெடுத்தது, அதனால் அதைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன்.

காசு கொடுத்து வாங்க ஆளில்லை. அதனால் ஓர் இரவல் திட்டத்தில் சேர்த்தாள். வாசகர்கள் மாதச் சந்தா கட்டிவிட்டு எந்தப் புத்தகத்தையும் இரவல் எடுக்கலாம். எத்தனை பக்கம் புரட்டினார்கள் என்று கம்பெனி பார்த்துக்கொண்டே இருக்கும். மாதக் கடைசியில் ஒரு தொகையை ஒதுக்கி, அந்த மாதம் படிக்கப்பட்ட எல்லாப் பக்கங்களாலும் வகுத்து, எழுதியவர்களுக்குப் பக்கக் கணக்கில் கொடுக்கும். பக்கத்துக்கு என்ன விலை என்று மாதம் முடிந்த பிறகுதான் தெரியும். அந்தப் புத்தகத்தை வேறு எங்கும் விற்கவும் கூடாது. "நமக்கு விரிப்பு, உங்களுக்குப் பக்கம். எங்க போனாலும் எண்ணிக்கைக் கூலிதானா அண்ணி?" என்று கேட்டேன். "இதுல இடுப்பு வலிக்காதுல்ல" என்றாள்.

தினமும் எத்தனை பக்கம் ஓடியது என்று காட்டும் வரைபடம் ஒன்று அவள் போனில் இருந்தது. பல மாதம் அதில் சைபர்தான். பிறகு ஒரு நாள் பன்னிரண்டு. மறுநாளும் பன்னிரண்டு. யாரோ ஒருவர் அவள் நாவல்களை முதலிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தார். சில நாள் பதினொன்று, சில நாள் பதின்மூன்று, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அண்ணி அவருக்குப் 'பன்னெண்டு' என்றே பேர் வைத்துவிட்டாள். "பன்னெண்டுக்கு நேத்து உடம்பு சரியில்ல போல, அஞ்சோட நிறுத்திட்டாங்க" என்பாள். "வேலைக்குப் போறப்ப பஸ்ஸுல படிக்கிறாங்க போல. அதான் ஞாயித்துக்கிழமை லீவு." பெண் கொடுத்த வீட்டைப் பற்றிக்கூட யாரும் இவ்வளவு அக்கறையாகப் பேசி நான் கேட்டதில்லை.

போன வருடக் கடைசியில் அண்ணிக்கு இழுப்பு வர ஆரம்பித்தது. நீராவியும் வெளுப்பு மருந்தும் சேர்ந்து நெஞ்சைக் கெடுத்துவிட்டன, இந்த வேலையை விட்டே ஆக வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். விட்டால் வாடகைக்கு என்ன செய்வது? அண்ணன் சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாக இருக்கும். அதே மாதம் கம்பெனி பக்கத்தின் விலையையும் குறைத்தது. அன்று விரிப்பின் எதிர்முனையில் நின்றுகொண்டு, "மாசம் ஒரு பத்தாயிரம் பக்கம் ஓடினா வீட்ல உக்காந்து எழுதிடலாம். பன்னெண்டு ஒருத்தர வெச்சு என்ன பண்றது" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து, விரிப்பை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தாங்கவில்லை.

அவள் தண்ணீர் குடிக்கப் போனதும் மற்றவர்களைக் கூப்பிட்டேன். "பக்கம் புரண்டா கணக்கு. படிக்கணும்னுகூட இல்ல. ஆளுக்கு நாலு விரிப்பு போடுற மாதிரிதான்" என்றேன். யாருக்கும் இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்று மாத இலவசச் சந்தா ஒன்று இருந்தது. அதற்குள் நாலு நிஜ வாசகர்கள் வந்துவிட மாட்டார்களா என்று ஒரு நினைப்பு. பதினைந்து பேரும் சேர்ந்தோம், எல்லோரும் கூடத்தின் வைஃபையிலேயே. அன்றிலிருந்து ஒரு கையில் சாப்பாடு, ஒரு கையில் போன். எங்களில் மூத்தவளான பெரியக்கா கண்ணாடியைக்கூடப் போட மாட்டாள், ஈ ஓட்டுவது போல விரலை ஓட்டிக்கொண்டே இருப்பாள். பத்தடி தள்ளி அண்ணி புது நாவலைத் தட்டிக்கொண்டிருப்பாள். நாங்கள் பழைய நாவல்களைத் தள்ளிக்கொண்டிருப்போம்.

வரைபடம் மளமளவென்று ஏறியது. அண்ணியின் நடையே மாறிவிட்டது. "மத்தியானத்துலதான் நெறைய ஓடுது. வேலையெல்லாம் முடிச்சிட்டுப் படுத்துக்கிட்டே படிக்கிற பொம்பளைங்களா இருக்கும்" என்றாள். பெரியக்காவுக்குப் புரையேறியது. நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. "பன்னெண்டு எங்க இருக்காங்கன்னே தெரியல, கூட்டத்துல காணாம போயிட்டாங்க" என்று மட்டும் ஒரு நாள் சொன்னாள்.

மூன்றாம் மாதம் யாரிடமும் கேட்காமல் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். சூப்பர்வைசர் அன்றே வேறு ஆளைப் பார்த்துவிட்டார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஊரில் எல்லோரிடமும் வாய் கிழியப் பேசுகிறவள் அன்று வாயை மூடிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் தள்ளினால் சமாளித்துவிடலாம் என்று, முன்னைவிட வேகமாகத் தள்ளினேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். எங்கள் தாழியில் வெண்ணெயே இல்லை. வேலையில் அண்ணியின் கடைசி வாரத்தில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில், மனிதர் படிக்க முடியாத வேகத்தில் பக்கங்கள் புரண்டிருக்கின்றன, இது மோசடி என்று எழுதியிருந்தார்கள். கணக்கு மூடப்பட்டது. பதினோரு நூல்களும் நீக்கப்பட்டன. வர வேண்டிய தொகை வராது. இனி எந்தப் பெயரிலும் சேர முடியாது. அண்ணி மூன்று நாள் உட்கார்ந்து பதில் எழுதினாள். 'நான் யாரையும் ஏமாற்றவில்லை, என் வாசகர்கள் உண்மையானவர்கள்' என்று அதில் ஒரு வரி. எனக்குப் படித்தும் காட்டினாள். மறுபரிசீலனை செய்தோம், முடிவில் மாற்றமில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

மறுநாள் விரிப்பைப் பிடித்தபடியே சொன்னேன்.

"அண்ணி, அந்த வாசகருங்க நாங்கதான்."

அவள் நடந்து வந்து மூலையோடு மூலை சேர்த்தாள். "எத்தனை பேரு?"

"எல்லாரும்."

"யாராவது ஒருத்தி படிச்சீங்களா?"

நான் பெரியக்காவைப் பார்த்தேன். பெரியக்கா தரையைப் பார்த்தாள். பதினோரு நாவலில் ஒரு பெண்ணின் பேர்கூட எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. திட்டுவாள், விரிப்பை முகத்தில் விட்டெறிவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"பன்னெண்டு?" என்றாள். "அதுவும் நீங்கதானா?"

"இல்ல அண்ணி. நாங்க வர்றதுக்கு முன்னாடியே அவங்க இருந்தாங்களே."

அதுவரை கல்லாக இருந்தவள் அப்போதுதான் அழுதாள். "அப்ப அவங்க நெஜம்" என்றாள். "ஏழாவது கதையில பாதி வந்திருப்பாங்க. அந்தப் பொண்ணு பெட்டிய எடுத்துக்கிட்டு வாசல்ல நிக்கிற எடம். இப்ப போனைத் தொறந்தா புக்கே இருக்காது."

"வேற எங்கயாவது போடலாம் அண்ணி. இப்பதான் எந்தத் தடையும் இல்லியே."

"அவங்க யாரு, எங்க இருக்காங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? வேற எடத்துல இருக்குன்னு யாரு போய்ச் சொல்லுவா? நான் மோசடிக்காரின்னு கம்பெனி நெனைச்சா நெனைச்சுட்டுப் போகட்டும். அந்தப் பொண்ணு கெளம்பினாளா இல்லியான்னு தெரியாமயே போயிடுவாங்க."

நான் அடுத்த விரிப்பை எடுத்து ஒரு நுனியை அவளிடம் நீட்டினேன்.

ராஜினாமாவைத் திருப்பிக் கேட்டாள். அவள் இடத்துக்கு ஆள் வந்தாகிவிட்டது, எனக்கு எதிர்முனையில் இப்போது வேறொருத்தி நிற்கிறாள். காலியாக இருந்தது, மேலிருந்து விரிப்புகள் வந்து விழும் குழாயடி மட்டும்தான். அழுக்கு விரிப்புகளை ரகம் பிரித்து மூட்டை கட்டி வெளுப்புத் தொட்டிக்கு அனுப்பும் இடம். டாக்டர் எதைக் கிட்டவே போகக் கூடாது என்றாரோ, அந்த நெடிக்கு நடுவில்தான் நாள் முழுக்க நிற்க வேண்டும். கூலி மூட்டைக் கணக்கில்.

முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் பாய்லர் பக்கத்தில் கூடை கவிழ்த்தபடியே கிடந்தது, அவள் வரவில்லை, குழாயடியிலேயே உட்கார்ந்திருந்தாள். நாங்கள் பதினைந்து பேரும் சாப்பிடாமல் போய் ஆளுக்கொரு மூட்டை பிரித்துக் கட்டி அவள் பக்கத்தில் வைத்தோம். வழக்கம் போல யாரும் பேசவில்லை. அண்ணி எழுந்து வந்து ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்தாள். பதினைந்தையும் அவிழ்த்து, குழாயடிக் குவியலிலேயே கொட்டினாள். கொட்டிவிட்டு முதலிலிருந்து தானே பிரிக்க ஆரம்பித்தாள்.

"விடுங்க அண்ணி, மூச்சு வாங்குது" என்று கையைப் பிடித்தேன்.

"நான் பண்ணது மட்டும் என் கணக்குல இருக்கட்டும்" என்று கையை விடுவித்துக்கொண்டாள்.

எங்கள் மேஜைக்குத் திரும்பி வந்தோம். இருமலுக்கு நடுவில் அவள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவது அங்கே வரை கேட்டது.