கீசர் மூலையில் ஒரு பயந்தாங்கொள்ளி

கீசர் விற்கத் தைரியம் வேண்டும். எனக்கோ மிக்ஸி ஜாரைத் திருகவே பயம். பெரம்பலூரில் ஒரு வீட்டுச் சாமான் கடையில், சுவர் முழுக்கக் கீசர் தொங்கும் மூலையில்தான் என்னை நிறுத்தியிருக்கிறார்கள். வாலிகண்டபுரத்தில் வீட்டிலோ, என் கைக்குழந்தையைக் குளிப்பாட்ட அத்தை, அதாவது மாமியார், பக்கெட் தண்ணீரைச் சுடவைக்கக் கரண்டு ராடைத் தொங்கவிடுவார். அந்த ராடை ஒழித்து ஒரு கீசர் மாட்டுவதுதான் என் ஒரே லட்சியம். வெந்நீருக்காக வீட்டில் சண்டை போட்டவரா நீங்கள்? பக்கத்தில் வந்து உட்காருங்கள், நம்ம ஆள்தான்.

கேட்டதற்குப் பதில்

வேலைக்குச் சேர்ந்த புதிது. செந்துறையிலிருந்து ஒரு தம்பதி வந்து, "இது சேஃப்டிதானுங்களே?" என்றார்கள். நான் ஆரம்பித்தேன். எர்த் சரியில்லை என்றால், வால்வு அடைத்துக்கொண்டால், தண்ணீர் இல்லாமல் சுவிட்சைப் போட்டால்... ஒவ்வொன்றுக்கும் அந்த அண்ணன் ஓரடி பின்னால் எடுத்துவைத்தார். நான் முடித்தபோது இருவரும் ஃபேன் பக்கம் நின்றிருந்தார்கள். ஒரு டேபிள் ஃபேனை வாங்கிக்கொண்டு போயேவிட்டார்கள்.

முதலாளி கூப்பிட்டார். "கான்வென்ட்ல படிச்ச பொண்ணுன்னுதாம்மா வேலைக்கு வச்சேன். அதுக்காக, கேக்குறவங்களுக்கெல்லாம் உண்மையச் சொல்லிருவியா?"

சீர்

தா.பழூர்க்காரர் ஒருவர், மகள் கல்யாணத்துக்குச் சீர் வைக்கக் கீசர் கேட்டார். மாப்பிள்ளை வீட்டில் டேங்க் இருக்கிறதா? இல்லை. குழாய்? இல்லை. பாத்ரூம்? கொஞ்சம் யோசித்து, "கட்டுவாங்க" என்றார். அப்படியானால் இப்போதைக்கு வேண்டாமே என்றேன்.

"குளிக்கிறதுக்கு யாரும்மா கேட்டா? மண்டபத்துல பீரோவுக்குப் பக்கத்துல நிக்கணும். பெருசா, செவப்பு லைட்டு எரியற மாதிரி ஒண்ணு குடு."

சித்திரை வெயில்

தை மாசம் வாங்கிப்போன அரியலூர் பெரியவர், சித்திரையில் கோபமாக வந்தார். சுவிட்சை அணைத்தாலும் குழாயில் சுடுதண்ணி வருகிறதாம். அது மொட்டைமாடி டேங்க்கில் வெயில் செய்கிற வேலை, கீசர் மேல் குற்றமில்லை என்று விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"சரி. பச்சத்தண்ணி வர்ற மாதிரி ஒரு பொட்டி இருந்தா காட்டு. அதையும் மாட்டிருவோம்."

வீட்டுக் கஸ்டமர்

அத்தை ராடு தண்ணீரை விரலை விட்டுத்தான் சோதிப்பார். கண்ணை மூடிக்கொண்டு அலறுவேன். "எதுக்குக் கத்துற? சுர்ருனு இருந்தா கரண்டு. சுட்டா தண்ணி காஞ்சிருச்சு. இது தெரியாதா?" என்பார். கீசர் வாங்கலாம் என்று கெஞ்சினால் காதிலேயே வாங்குவதில்லை. தப்பு என்னுடையதுதான். கடையில் சொல்ல விடாத பயங்களையெல்லாம் தினமும் வீட்டில் வந்து கொட்டியிருந்தேன்.

"வெடிக்கும்னு நீதானடி சொன்ன?"

குறைந்த பயம்

ஐப்பசி மழையில் ஒருநாள், பாப்பா தவழ்ந்துபோய் ராடு ஒயரை இழுத்துவிட்டாள். பக்கெட் கவிழ்ந்தது. நல்லவேளை, அத்தை அப்போதுதான் சுவிட்சை அணைத்திருந்தார். தண்ணீரும் எதிர்ப்பக்கம் ஓடியது. பாப்பா கைதட்டிச் சிரித்தாள். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் அத்தை பஸ் ஏறிக் கடைக்கே வந்துவிட்டார். உறவு காட்டாமல் கஸ்டமராகவே நின்றார். நான் எர்த் என்று ஆரம்பிப்பதற்குள் கையைக் காட்டினார். "வாயத் தொறக்காத. எதப் பத்தி நீ கொறச்சலா பயமுறுத்துவியோ, அதக் குடு."

முதல் குளியல்

கீசர் மாட்டியாயிற்று. பாப்பாவுக்குத் துண்டை எடுத்தேன்; அத்தை பிடுங்கிக்கொண்டார். "மொதல்ல நான் குளிக்கிறேன். வெடிச்சா என்னோட போவட்டும். நீ புள்ளையத் தூக்கிட்டு வாசல்ல நில்லு."

நின்றேன். பள்ளியில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த ஜெபத்தைச் சொன்னேன், மாரியம்மனையும் விடவில்லை. உள்ளே சத்தமே இல்லை. பாப்பா என் சேலைத் தலைப்பைச் சப்பியே நனைத்துவிட்டாள். பொறுக்கமுடியாமல் ஓடிப்போய்க் கதவை இடித்தேன்.

"ஏண்டி இடிக்கிற? வெடிச்சா சொல்ல மாட்டனா? இன்னும் ரெண்டு சொம்பு ஊத்திக்கிட்டு வரேன், போ!"

பெட்டியை விற்றவளுக்கு இன்னும் பயம் தெளியவில்லை. வாங்கியவரோ பாத்ரூமை விட்டு வெளியே வருவதில்லை.