புதன்கிழமையை ஞாயித்துக்கிழமையா மாத்தின தேன்மொழி

தேன்மொழி போயிட்டாங்க. காலைல வக்கீல்ங்க வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜ்... மீஞ்சூர் வீட்ல, ஹார்ட் அட்டாக்.

திருவள்ளூர் கோர்ட்ல நானும் அவங்களும் ஒரே வருஷம் கறுப்பு கோட்டு போட்டவங்க. எல்லாரும் நல்லதா எழுதறீங்க, நான் உள்ளதை எழுதறேன்... எனக்கு அவங்க மேல பொறாமை.

கும்மிடிப்பூண்டி கம்பெனிங்கள்ல ஷிஃப்ட் பாக்குற அம்மாங்க சில பேர். பாத்துக்க ஆளில்லாம ஊட்ல தனியா இருந்த புள்ளைங்கள அதிகாரிங்க கூட்டிக்கினு போய் குழந்தைங்க ஹோம்ல சேத்துட்டாங்க.

போய்ப் பாக்க புதன்கிழமை மட்டும்தான் அனுமதி. புதன்கிழமை லீவு கேட்டா வேலை போயிடும். அண்ணன் ஒரு ஹோம்ல, தங்கச்சி வேறொரு ஹோம்ல.

இதை எதிர்த்து ஹைகோர்ட்ல பொதுநல கேஸ் போட்டவன் நான். மாசக்கணக்கா உக்காந்து எழுதின பெட்டிஷன். பெரிய தீர்ப்பு வரும், சட்டப் புத்தகத்துல என் பேர் வரும்னு ஆசை.

அம்மாங்களுக்காக ஆஜராக தேன்மொழியை நான்தான் கூப்பிட்டேன்.

முதல் ஹியரிங்லயே, ஹோமை நடத்துற டிபார்ட்மென்ட்டோட உக்காந்து பேச டைம் வேணும்னு ஜட்ஜ் கிட்ட கேட்டுட்டாங்க. எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. ஜெயிக்கிற கேஸை ஏன் கெடுக்கறீங்கன்னு வராண்டாலயே சண்டை போட்டேன்.

"நீ ஜெயிக்க ரெண்டு வருஷம் ஆவும்பா. அதுக்குள்ள அந்தக் குட்டிப் பொண்ணு அம்மா மூஞ்சியே மறந்துடும்."

மீட்டிங்ல நான் சட்டப்பிரிவா அடுக்கினேன். ஹோம் சூப்பரின்டென்டென்ட் கையைக் கட்டிக்கினு உக்காந்திருந்தார்.

தேன்மொழி அவர்கிட்ட ஒண்ணுதான் கேட்டாங்க. "ஞாயித்துக்கிழமை கேட்டைத் திறந்தா உங்களுக்கு இன்னா கஷ்டம் சார்?"

கட்டின கையைப் பிரிச்சார். அப்புறம், ஞாயித்துக்கிழமை நானும் வாட்ச்மேனும்தான் மேடம், வேற ஆளே இல்லன்னார்.

அதையே எழுதி வாங்கினாங்க. அதை வெச்சே மேலதிகாரி கிட்ட ரெண்டு ஆள் கேட்டு வாங்கினாங்க... எதிர்த்தரப்பு ஆளையே நம்ம பக்கம் பேச வெச்சுட்டாங்க. எனக்கு ஏன் அந்தக் கேள்வி தோணலன்னு இன்னிக்கும் எரியுது.

ஞாயித்துக்கிழமை பாக்கலாம், அண்ணன் தங்கச்சி ஒரே ஹோம்... எல்லாம் கோர்ட் ஆர்டரா வந்துச்சு. கேஸை மட்டும் தேன்மொழி மூட விடல. ரெண்டாவது மாசமே ஞாயித்துக்கிழமை ஹோம் கேட்டைப் பூட்டினப்போ, அதே கேஸ்ல அதிகாரிங்கள நிறுத்திக் கேள்வி கேட்டு மறுபடி திறக்க வெச்சாங்க.

"உன் கேஸ் இல்லன்னா நம்மள உக்காரவே சொல்லியிருக்க மாட்டாங்கபா"ன்னாங்க. ஆறுதலுக்குச் சொல்றாங்கன்னு நினைச்சு, ஒரு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசல. அது உண்மைன்னு இப்போ தெரியுது.

முதல் ஞாயித்துக்கிழமை அம்மாங்க எல்லாம் அவங்க கையைத்தான் புடிச்சுக்கினு அழுதாங்க. நான் பைக் பக்கத்துல நின்னு போன் பாக்கற மாதிரி நடிச்சேன்.

இன்னிக்கு மீஞ்சூர்ல, கம்பெனி யூனிஃபார்மோட அவ்ளோ பேர். வளர்ந்த பசங்களையும் கூட்டிக்கினு வந்திருந்தாங்க.

அதுல ஒரு அம்மா, நீங்க யாரு சார்னு கேட்டாங்க.

"அவங்க கூட வேலை பாத்தவன்மா."

போயிட்டு வாங்க தேன்மொழி... இவ்ளோ கூட்டத்தைப் பாத்தும் பொறாமையாத்தான் இருக்கு.