கம்ப்யூட்டரில் இறக்கி வைத்த சுமைகள்

மலைமேல் செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே என் மகள் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தாள். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். கடை என்றால் ஒற்றை அறை, ஒற்றைக் கம்ப்யூட்டர். அதுவும் நாமக்கல்லில் யாரோ வைத்திருந்து கொடுத்தது. இருந்தாலும் மலையில் எங்கள் பகுதியான அரியூர் நாட்டில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் அப்படி ஒரு கடை வைத்ததில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்குப் பிறந்தவள், பார்க்காமலே பத்து விரலாலும் தமிழ் அடிப்பாள். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன்.

மருமகன் தவறிய பிறகு அவளைத் திருப்பூருக்குக் கூட்டிப் போகிறேன் என்று என் தம்பி நின்றான். அங்கே பனியன் கம்பெனியில் வேலை சொல்லி வைத்திருந்தான். மகள் ஆடிப் பதினெட்டு வரை தவணை கேட்டாள். கடை அதற்குள் நிலைத்தால் இருப்பாள், இல்லாவிட்டால் அவனோடு போவாள். போய்விடுவாளோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் வாய் திறந்து இரு என்று சொல்லவில்லை. அவள் பாடு, அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

காலையில் மனு, விண்ணப்பம் என்று டைப் வேலை கொஞ்சம் வரும். கடையைத் தாங்கி நிறுத்தியது என்னவோ மத்தியானக் கூட்டம்தான். பஸ் மேலே வந்து திரும்பிப் போகும் வரை டிரைவர்களும் கண்டக்டர்களும் வந்து கார் ரேஸ் ஆடுவார்கள். எழுபது வளைவு ஏறி வந்த மனுஷருக்கு மறுபடியும் வளைவில் வண்டி ஓட்ட என்ன ஆசையோ.

அவர்கள் கேட்டார்கள் என்று புது ரேஸ் ஒன்றை மகள் ஏற்றினாள். அங்கேதான் வினை. வளைவு வந்தால் போதும், கார் அப்படியே நின்றுவிடும். பிறகு ஒரு குதி குதித்துச் சுவரில் மோதும்.

"ஏனுங்க அம்மிணி, எம்பட பஸ்ஸு இத்தனை சனத்தையும் குச்சிக்கிழங்கு மூட்டையையும் ஏத்திக்கிட்டு இதைவிட வேகமாத் திரும்புமுங்க" என்றார் பெரிய டிரைவர்.

"அண்ணனுக்கு பிரேக்கு மிதிச்சே பழக்கம். விரல்லயும் மிதிக்கறாரு" என்றார் கண்டக்டர்.

சிரித்தார்கள். ஆனால் அடுத்த வாரம் ஒவ்வொருவராக எதிர் டீக்கடைக்குக் கேரம் ஆடப் போனார்கள்.

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் மலைக்கு வந்தபோது காட்டினோம். "மெமரி பத்தலைங்க. இன்னொண்ணு வாங்கிப் போடோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு அப்போது வழியில்லை. மெமரி பத்தவில்லை என்றால் உள்ளே சாமான் நிறைந்துவிட்டது என்று மகள் எடுத்துக்கொண்டாள். பாட்டை அழித்தாள், பழைய விளையாட்டை அழித்தாள், படங்களை அழித்தாள்.

"ஊட்டையே வழிச்சுத் தொடச்சுப்புட்டயா கண்ணு?" என்று கேட்டேன்.

"பாதிக்கு மேல காலிம்மா. இனி பறக்கும் பாரு."

பறக்கவில்லை. மத்தியானம் அதே வளைவில் அதே நிற்றல்.

அவள் அழுகிற ஜாதி இல்லை. மறுநாள் கடை திறந்ததும், டைப் வேலை தொடங்கும் முன்னால் ரேஸைப் போட்டுப் பார்த்தாள். கார் நன்றாகத்தான் ஓடியது. மத்தியானம் போட்டாள், நின்றது. அதற்கடுத்த நாளும் அப்படியே.

"காலைல ஓடுது, மத்தியானம் நிக்குது. நடுவுல என்னதாம்மா ஆவுது?"

"நீ வேலை பண்ணுன. அதுதான் ஆச்சு."

"வேலை முடிய முடிய எல்லாத்தையும் கீழ இறக்கி வெச்சுட்டேனே."

கம்ப்யூட்டரில் ஒரு வேலையை ஒதுக்க, மேல் மூலையில் இருக்கும் சின்னக் கோடு ஒன்றை அமுக்குவார்கள். அது திரையை விட்டு இறங்கி அடியில் சின்னப் பெட்டியாக உட்காரும். அதைத்தான் எங்கள் வழக்கத்தில் இறக்கி வைப்பது என்பாள்.

"களத்துல இறக்கி வெச்ச சுமை களத்துலதான சாமி கிடக்கும்? யாராவது குதிருக்குக் கொண்டு போயிக் கொட்டோணுமில்ல?" என்றேன். பெரிய யோசனை ஒன்றும் இல்லை. தலைச்சுமை தூக்கியே வளர்ந்தவள் வேறு எப்படிப் பேசுவேன்.

மகள் என்னைப் பார்க்கவில்லை. திரையின் அடியைப் பார்த்தாள். அங்கே காலையிலிருந்து இறக்கிய பெட்டிகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாக மூடினாள். கடிகாரத்தின் பக்கத்தில், கம்ப்யூட்டர் போட்டதும் தானாக எழுந்து குந்தியிருக்கும் சிலதையும் நிறுத்தினாள். பிறகு கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டு ரேஸை ஓட்டினாள். ஒரு வளைவில் மட்டும் லேசாக இழுத்தது. படத்தில் மரத்தையும் மேகத்தையும் குறைத்தாள். அதுவும் சரியாயிற்று.

டிரைவரைக் கூப்பிட்டு வந்து அவளே விளக்கினாள். "நான் பாட்டையும் படத்தையும் அழிச்சுக் காலி பண்ணுனது குதிருங்கண்ணா. வேலை நடக்கறது களத்துல. சாமை அடிச்ச பங்காளி வைக்கோலை அள்ளாமப் போனா, அடுத்த ஊட்டுக்காரங்க எங்க கொட்டறது? மெமரிங்கறது களமுங்க."

"அப்ப அந்த ரிப்பேர்க்காரரு சொன்னது பொய்யா?"

"பொய் இல்லீங்க. இன்னொண்ணு போட்டாக் களம் பெருசாகும். அதுவரைக்கும் இருக்கறதைக் கூட்டி வெச்சுக்கோணும்."

நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெற்றவளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும். அந்தக் களத்துப் பேச்சில் ஒரு பங்கு எனக்கும் உண்டு என்று அப்போதே சொன்னேன், அவளும் ஆமாம் என்றாள்.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் மத்தியானம் தம்பி வந்தான். கடைக்குள் பெரிய டிரைவர் ரேஸில் இருந்தார். பின்னால் நாலு பேர், வாசலில் இரண்டு பேர்.

"துணிமணி எடுத்து வெச்சாச்சாக்கா?"

நான் கடைக்குள் கை காட்டினேன். மகள் எட்டிப் பார்த்தாள். "மாமா, செத்த உக்காருங்க. இவிய ஆட்டம் முடியட்டும், அடுத்த ஆளை உக்கார வெச்சுட்டு வாரேன்."

"அம்மிணி, கம்பெனிக்காரன் காத்துக்கிட்டிருக்கான்."

"இங்கயும் காத்துக்கிட்டுத்தான் இருக்காங்க மாமா. நான் வரலை."

டிரைவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அம்மிணியக் கூட்டிக்கிட்டுப் போறதுன்னா எம்பட பஸ்ஸுலதான் மலை இறங்கோணுமுங்க. நான் வண்டி எடுக்க மாட்டன்."

தம்பிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைய பஸ்ஸில் அவன் தனியாக மலை இறங்கினான். வழிக்குப் பலாச்சுளை கட்டிக் கொடுத்தேன். அவனை ஏற்றிவிட்டுத் திரும்பியபோது கடையில் எனக்கு நிற்க இடமில்லை.