வாந்திக்கு இரண்டு ஊசி

உத்திரமேரூர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தபோது ஒரு நோட்டு எழுதினேன். எழுதியிருக்கவே கூடாது.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியும்போது பலருக்குக் குமட்டிக்கொண்டு வரும். புதுத் தையல் போட்ட வயிற்றை வைத்துக்கொண்டு ஓங்கரிப்பது நரக வேதனை. அதற்கு எங்களிடம் இரண்டு ஊசிகள் இருந்தன. மெட்டோகுளோப்ரமைடு பழையது, அதைப் போட்டால் சிலர் படுக்கையில் இருப்புக்கொள்ளாமல் தவிப்பார்கள். ஒண்டான்செட்ரான் பிறகு வந்தது. சிலருக்குத் தலைவலி வரும். எது நன்றாகக் கேட்கிறது என்று குறித்து வைக்கும்படி டாக்டர் சொன்னார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அன்றே நோட்டு வாங்கி, ஊசிக்கு ஒரு பக்கமாக ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.

ஊசி போட்டு அரை மணி நேரம் கழித்துப் போய், "வாந்தி நின்னுட்ச்சில்ல?" என்று கேட்பேன். இப்படித்தான் கேட்பேன், சிரித்த முகத்தோடு. "நின்னுட்ச்சிம்மா" என்பார்கள். நோட்டில் ஒரு டிக். சில மாதங்களில் இரண்டு பக்கமும் டிக் மயம். இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு செய்த டாக்டர், புதியதை நிறுத்திவிட்டு விலை குறைந்த பழையதை மட்டும் வாங்கச் சொன்னார்.

அதன் பிறகுதான் மாகறலிலிருந்து அந்த அக்கா வந்தார். நடவு வேலைக்குப் போகிறவர். கர்ப்பப்பையை எடுத்தோம். பழைய ஊசியைப் போட்டுவிட்டு வழக்கம்போலக் கேட்டேன். "நல்லாகீதும்மா" என்றார். மறுநாளும் அதே பதில்தான். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம்.

இரண்டே நாளில் அவர் கணவர் ஆட்டோவில் திரும்பக் கூட்டிவந்தார். தையல் விட்டிருந்தது. கனமாக எதையாவது தூக்கினாரா, இருமினாரா என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டார்.

"அதெல்லாம் இல்ல சார். இங்க இருந்தப்பவே வாந்தி எடுத்துக்கினுதான் இருந்தா. நான் துண்டுல புடிச்சி பாத்ரூம்ல அலசிட்டு வந்துடுவேன். நர்சம்மாகிட்ட சொல்லாதன்னுட்டா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இன்னாக்கா இது, வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?" என்று கத்திவிட்டேன்.

"நீ பாசமா ஊசி போட்டுட்டு, வந்து வந்து கேக்கற. நிக்கலன்னு சொன்னா உன் மனசு நோவாதா?"

எங்கள் ஊர்க்காரர்கள் சாப்பாடு போட்டவரிடமே உப்பில்லை என்று சொல்ல மாட்டார்கள். நானும் இதே மண்ணில் பிறந்தவள்தான். அந்த டிக்குகளில் எத்தனை என் மனசு நோகாமலிருக்கச் சொன்ன பதில்களோ! வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

அன்றே மறுபடி தையல் போட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவருக்குக் குமட்ட ஆரம்பித்தது. பழைய ஊசியைப் போட்டும் அடங்கவில்லை. புதியது எங்கள் அலமாரியில் இல்லை. பக்கத்து மருந்துக் கடையில் மாத்திரைதான் இருந்தது. குடித்த தண்ணீரே தங்காதவருக்கு மாத்திரை எப்படித் தங்கும்? கம்பவுண்டர் பைக்கை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் போனார்.

அவர் திரும்பி வரும்வரை நான் பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அக்கா இரண்டு கையாலும் வயிற்றை அழுத்திக்கொண்டு ஓங்கரித்தார். நான் எதுவும் கேட்கவில்லை. மூச்சு வாங்கிய ஒரு இடைவெளியில் அவரே என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"கோச்சிக்காதம்மா. உன் ஊசி கேக்கல."